12 நாளில் 10 ஆண்டுச் சார்ஜ் ஏற்றியாயிற்று, பெருக்கம் குறையவில்லை: ஸ்ட்ரா குழாய் தேறிவிட்டதா?

#1 கம்பிமுனை

துகள் உணரியாகப் பயன்படும் ஸ்ட்ரா குழாய் கதிர்வீச்சில் மூப்படைகிறதா, அதாவது பெருக்கத்தை இழக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அமைப்பு இதுதான். 4.9 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்ட்ரா குழாய், நடுவில் 25 மைக்ரான் தங்கமுலாம் பூசிய டங்ஸ்டன் கம்பி. வாயு ஆர்கான்/கார்பன் டை ஆக்சைடு 70/30. மின்னழுத்தம் 1550 வோல்ட், பெருக்கம் (ஓர் எலக்ட்ரான் கம்பியருகே எத்தனையாகப் பெருகுகிறது என்பது) ஏறத்தாழ 50,000. 1 மீட்டர் நீளத்தில் 16 குழாய்கள். தாமிர இலக்குள்ள எக்ஸ்ரே குழாயிலிருந்து 8 கி.எ.வோ. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) கதிர், கொலிமேட்டர் (கதிரைக் குறுக்கும் ஈயத் துளை) வழியாக நடுவில் 5 செ.மீ. அகலத்துக்கு மட்டும் விழுகிறது. வாயு ஓட்டம் மணிக்கு 6 லிட்டர்.

களத்தில் (உணரி கடைசியில் ஓடப்போகும் முடுக்கிக் கற்றையில்) கம்பி நீளத்துக்கு எதிர்பார்ப்பது 5 நானோ ஆம்பியர்/செ.மீ. ஓர் ஆண்டுக்குக் கற்றை நேரம் 1 கோடி வினாடி என்று வைத்தால் 0.05 கூலோம்/செ.மீ., 10 ஆண்டுக்கு 0.5. சோதனையில் 500 நானோ ஆம்பியர்/செ.மீ. ஓட்டியதில் 12 நாளில் அந்த 0.5 எட்டிவிட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் கரண்ட் 3 சதவீதத்துக்குள் ஒன்றாகவே இருக்கிறது. அதாவது மூப்பு வீதம் 6%/(கூலோம்/செ.மீ.)க்குக் கீழே.

"மூப்பு இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

#2 நானோஆம்ப்

எழுத வேண்டாம். அந்த 3 சதவீதத்தையே முதலில் நம்ப முடியாது.

எச்.வி. (உயர் மின்னழுத்த) வடிகட்டியில் வரிசைத் தடை எவ்வளவு? வழக்கமான 10 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. மீது 500 நானோ ஆம்பியர்/செ.மீ. என்றால் ஒரு குழாய்க்கு 2.5 மைக்ரோ ஆம்பியர். தடையிலேயே 25 வோல்ட் போய்விடும். இந்தக் குழாயில் ஏறத்தாழ 90 வோல்ட்டுக்கு ஒருமுறை பெருக்கம் இரட்டிக்கும், ஆகவே 25 வோல்ட் என்பது பெருக்கத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம்.

அடுத்தது வெளிமின்னேற்றம், அதாவது குழாய்க்குள் வாயுவில் மிதக்கும் அயனிகளின் மின்னேற்றம். ஓர் அயனி கம்பியிலிருந்து சுவருக்குப் போக 70 மைக்ரோ வினாடி அளவு ஆகும். 500 நானோ ஆம்பியர் என்பது செ.மீ.க்கு வினாடிக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள். எந்த நேரத்திலும் பத்துப் பதினைந்து அயனி மேகங்கள் அந்த ஒரு செ.மீ.க்குள் நின்றுகொண்டிருக்கும். கம்பியின் மீதுள்ள மின்னேற்றத்தை அவை 2 சதவீதம் அளவுக்கு மறைக்கும், அதாவது இன்னொரு 30 வோல்ட் போனதற்குச் சமம்.

இரண்டையும் கூட்டினால் என்ன ஆகிறது? கரண்ட் குறைந்தால் தடையில் விழும் வோல்ட்டும் குறையும், வெளிமின்னேற்றமும் குறையும். உடனே பெருக்கம் தானாக மேலே ஏறிப் பள்ளத்தை நிரப்பும். கம்பியில் உண்மையாக 10 சதவீதம் இழப்பு இருந்தால் உங்கள் மீட்டரில் 7 சதவீதம்தான் தெரியும். கதிர்வீச்சு ஓடும்போது படிக்கும் கரண்ட் கண்காணிப்புக்கு மட்டும்தான். அளவீடு என்பது எக்ஸ்ரேயை அணைத்துவிட்டு, இரும்பு-55 மூலத்தை வைத்து, விநாடிக்கு 1000 துடிப்புக்குக் கீழே, துடிப்பு உயர வரைபடத்தில் 5.9 கி.எ.வோ. உச்சி எந்தச் சேனலில் நிற்கிறது என்று பார்ப்பது.

காற்றழுத்தமும் இருக்கிறது. வாயு அடர்த்தி 1 சதவீதம் மாறினால் பெருக்கம் 5 முதல் 8 சதவீதம் மாறும். 10 மில்லிபார் அல்லது 3 டிகிரி போதும் அதற்கு. 12 நாளில் இது நடக்காத ஆய்வகம் கிடையாது. திருத்தினீர்களா?

#3 கம்பிமுனை

வரிசைத் தடை 10 மெகா ஓம்தான். அழுத்தம், வெப்பநிலை இரண்டும் பதிவாகியிருக்கின்றன, திருத்தம் செய்யப்படவில்லை. கதிர் படாத 12 குழாய்கள் அதே வாயு வழியில் உள்ளன.

#4 நானோஆம்ப்

அப்படியானால் சூத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். கதிர் படாத குழாய்களின் இரும்பு-55 உச்சியால் கதிர் பட்ட குழாயின் உச்சியை வகுத்துவிடுங்கள். அழுத்தம், வெப்பநிலை, வாயுக் கலவையின் சின்ன ஏற்ற இறக்கம், எச்.வி. நகர்வு எல்லாம் ஒரே வகுத்தலில் போய்விடும். ஒரு நிபந்தனை உண்டு: ஒப்பீட்டுக் குழாய் இணையான வழியில் இருக்க வேண்டும், அல்லது வாயு முதலில் அதற்குள் போய் வர வேண்டும். கதிர் பட்ட குழாயிலிருந்து வெளியேறும் வாயுவை ஒப்பீட்டுக் குழாய்க்கு ஊட்டினால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

உச்சியின் இடத்தோடு அகலத்தையும் எழுதி வையுங்கள். கம்பியில் படிவு சீராகப் படியாது, திட்டுத்திட்டாகத்தான் படியும். ஆகவே உச்சி நகர்வதற்கு முன்பே அகலமாகும்.

#5 ஓரிங்

மீட்டர் விஷயம் சரி. அதைவிடப் பெரிய விஷயம்: பார்த்த இடமே தப்பு.

கம்பிமுனை சொல்லும் குழாய், கம்பி, வாயு, வோல்ட் எல்லாம் சேர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி.பி. பரிசோதனையின் வெளித்தடங்காட்டியில் (துகளின் பாதையைக் காட்டும் உணரி) இருந்தவைதான். ஏறத்தாழ 54 ஆயிரம் ஸ்ட்ரா குழாய்கள். கட்டுவதற்கு முன் அதிவேகச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது. தொகுதிகள் தயாரான பிறகு, சாதாரண ஸ்ட்ரான்ஷியம்-90 மூலத்தை வைத்து மிதமான செறிவில் பார்த்தபோதுதான் பெருக்கம் விழுவது தெரிந்தது. அதுவும் மூலத்துக்கு நேர் கீழே இல்லை. வாயு வரும் பக்கத்தில், மூலத்தின் ஓரத்தில், செ.மீ.க்குச் சில நானோ ஆம்பியர் மட்டுமே ஓடும் இடத்தில். நேர் கீழே, அதிகச் செறிவில், கம்பி சுத்தம். வாயு போகும் பக்கமும் சுத்தம்.

காரணம், தொகுதிகளை ஒட்டப் பயன்பட்ட அரால்டைட் ஏ.ஒய்.103-1 பசை. அதில் நெகிழ்வூட்டியாக இருந்த டை-ஐசோபுரோப்பைல் நாப்தலீன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வாயுவில் கலந்தது. கம்பிக்கு அருகே மின்பெருக்கத்தில் சிக்கி உடைந்து, மின்கடத்தாத கரிமப் படலமாக ஒட்டிக்கொண்டது.

உங்கள் கொலிமேட்டர் 5 செ.மீ.க்கு வெளியே எதையும் விடுவதில்லை. மூப்பு எங்கே வருமோ அந்த ஓரத்தை ஈயத்தால் மூடிவிட்டு "இல்லை" என்கிறீர்கள்.

#6 கம்பிமுனை

அதிகச் செறிவுள்ள இடத்தில் படிவு ஏன் இல்லை? அங்கேதானே மின்பெருக்கம் அதிகம்?

#7 ஓரிங்

அங்கே ஓசோன் உண்டாகிறது. கார்பன் டை ஆக்சைடு உடைவதிலிருந்தும், கசிந்து உள்ளே வந்த ஆக்சிஜனிலிருந்தும். படியவரும் கரிமத்தை ஓசோன் எரித்து வாயுவாக்கிவிடுகிறது. வாயு ஓட்டம் அந்த ஓசோனை முன்னே தள்ளிக்கொண்டு போவதால் போகும் பக்கமும் காப்பாற்றப்படுகிறது. வரும் பக்கத்துக்கு மட்டும் ஓசோன் போய்ச் சேராது, ஆனால் பசையின் ஆவி இருக்கும், சிறு மின்பெருக்கமும் இருக்கும். படலம் வளர அது போதும்.

இதனால்தான் முடுக்கிய சோதனை கதிரின் கீழ் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. செறிவைக் கூட்டக் கூட்ட மருந்தையும் நீங்களே தயாரித்துக் கொடுக்கிறீர்கள். களத்தில் 5 நானோ ஆம்பியர் ஓடும் இடத்துக்கு அந்த மருந்து கிடைக்காது.

#8 அளவுகோல்

கொஞ்சம் பொறுங்கள். முடுக்காமல் சோதிக்கவே முடியாது. 10 ஆண்டு ஆயுளை 10 ஆண்டு காத்திருந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஓரிங் சொல்வதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சோதனையும் செல்லாது என்றாகிவிடும். சேர்னின் காமா கதிர்வீச்சு நிலையமே இதற்காகத்தான் இருக்கிறது.

#9 ஓரிங்

செல்லாது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு செறிவில் செய்த சோதனை செல்லாது என்கிறேன். 2, 20, 200 நானோ ஆம்பியர்/செ.மீ. என்று மூன்று செறிவில், வாயு ஓட்டத்தையும் மாற்றிப் போட்டுச் செய்யுங்கள். கூலோமுக்கு இத்தனை சதவீதம் என்ற எண் மூன்றிலும் ஒன்றாக வந்தால், மொத்தச் சார்ஜை வைத்து நீட்டிக் கணக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. செறிவு குறையக் குறைய அந்த எண் பெரிதானால், 500இல் செய்த 12 நாள் சோதனையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

2 நானோ ஆம்பியரில் ஒரு நாளுக்கு 0.17 மில்லி கூலோம்/செ.மீ.தான் ஏறும். பயப்பட வேண்டாம். பசை ஆவியால் வரும் மூப்பு அந்தச் சிறிய சார்ஜிலேயே முகத்தைக் காட்டிவிடும்.

மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. கொலிமேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரான்ஷியம்-90 மூலத்தைக் குழாயிலிருந்து சில செ.மீ. தள்ளி வையுங்கள். நேர் கீழே அதிகம், இரு பக்கமும் போகப் போகக் குறைவு. ஒரே ஓட்டத்தில் எல்லாச் செறிவும் கம்பி நீளத்தில் வரைபடமாகக் கிடைத்துவிடும். பிறகு 1 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகக் கம்பி முழுவதையும் வருடி (ஸ்கேன் செய்து), கதிர்வீச்சுக்கு முன் எடுத்த வருடலால் வகுத்துப் பாருங்கள். வெறும் ஸ்ட்ரா என்றால் இரும்பு-55 சுவரைத் துளைத்துப் போகும். கார்பன் இழைப் பலகைக்குள் இருக்கும் தொகுதி என்றால் போகாது, வருடவும் ஸ்ட்ரான்ஷியம்தான்.

#10 அளவுகோல்

இது ஏற்கத்தக்கது. என் பங்குக்கு ஒன்று: மணிக்கு 6 லிட்டர் என்பது அதிகம். 1 மீட்டர் ஸ்ட்ராவின் கொள்ளளவு 19 க.செ.மீ., 16 குழாய்க்கு 300. மணிக்கு 20 முறை வாயு மாறுகிறது. களத்தில் எவ்வளவு, மணிக்கு ஒரு முறையா? அப்படியென்றால் இங்கே ஆவிகளைக் கழுவிக் கழுவி வெளியே அனுப்பிவிட்டு மூப்பைத் தேடுகிறீர்கள். களத்தின் ஓட்டத்திலும் அதற்குக் கீழேயும் ஓட்டிப் பாருங்கள்.

எல்.எச்.சி.பி.யின் உள் மியூயான் ஜெம் உணரிகளில் (நுண்துளைப் படலத்தில் பெருக்கம் நடக்கும் வகை) இது மறுபக்கமாக நடந்தது. ஆர்கான்/கார்பன் டை ஆக்சைடு/சி.எஃப்.4 45/15/40 கலவை; சி.எஃப்.4 என்பது ஃப்ளூரின் உள்ள வாயு. இத்தாலியின் கசாச்சா மையத்தில் கோபால்ட்-60 மூலத்தில் அதிவேகமாகக் கதிர்வீசியபோது ஜெம் துளைகளின் ஓரம் அரிக்கப்பட்டது. கதிரின் அளவுக்கு ஈடாக வாயு ஓட்டத்தைக் கூட்டாததால் உள்ளே ஃப்ளூரின் தேங்கியதே காரணம். ஓட்டம் போதாமலும் சோதனை பொய் சொல்லும், அதிகமானாலும் சொல்லும்.

#11 கம்பிமுனை

களத்தில் மணிக்கு ஒரு முறைதான் திட்டம். புரிகிறது.

எக்ஸ்ரேயும் ஸ்ட்ரான்ஷியமும் போதுமா, கற்றைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

#12 மால்ட்டர்பயம்

ஹெரா-பி கதை தெரிந்திருக்குமே. ஜெர்மனியின் டெசி ஆய்வகத்தில் நடந்த அந்தப் பரிசோதனையின் வெளித்தடங்காட்டி, கார்பன் கலந்த பாலிகார்பனேட் படலத்தால் ஆன தேன்கூட்டு அறைகள். எக்ஸ்ரேயில் கூலோம் கணக்கில் ஏற்றியும் அசையவில்லை. உண்மையான ஹாட்ரான் (புரோட்டான் போன்ற துகள்கள்) கற்றைச் சூழலுக்குள் வைத்ததும் குறுகிய நேரத்திலேயே மால்ட்டர் கரண்ட் கிளம்பிவிட்டது.

மால்ட்டர் விளைவை 1936இல் லூயிஸ் மால்ட்டர் அலுமினியம் ஆக்சைடில் கண்டார். கத்தோட் சுவரில் மெல்லிய மின்கடத்தாப் படலம் இருந்தால் வந்து சேரும் நேர்மின் அயனிகள் அதன் மேல் குவிந்து நிற்கும். படலத்துக்குக் குறுக்கே புலம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கத்தோடிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். அது கம்பிக்கு ஓடி மின்பெருக்கம் ஆகும், மறுபடி அயனி, மறுபடி எலக்ட்ரான். மூலத்தை எடுத்துவிட்டாலும் கரண்ட் நிற்காது.

அடர்த்தியாக அயனியாக்கும் துகள்தான் இதைப் பற்றவைக்கும். 8 கி.எ.வோ. ஃபோட்டான் தரும் சுமார் 290 எலக்ட்ரானுக்கும், நின்றுபோகும் தறுவாயிலுள்ள புரோட்டானோ ஆல்ஃபாவோ ஒரே இடத்தில் கொட்டுவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஹெரா-பி குழு பிறகு கார்ல்ஸ்ரூஹேயில் 100 மெ.எ.வோ. ஆல்ஃபா கற்றையில் வைத்து ஆய்வகத்திலேயே இதை மீட்டெடுத்தது. தீர்வாகப் படலத்தின் மேல் தாமிரமும் தங்கமும் பூசினார்கள்.

ஆக, கற்றை தேவை. அல்லது குறைந்தபட்சம் ஆல்ஃபா.

#13 நானோஆம்ப்

அது வரை மேசையிலேயே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லை. வேலை வோல்ட்டுக்கு 50 முதல் 100 வோல்ட் மேலே வைத்துக் கதிர் ஓட்டுங்கள். எக்ஸ்ரே கதவைச் சட்டென்று மூடுங்கள். பிகோ ஆம்பியர் மீட்டர் உடனே தரைக்கு வர வேண்டும். சில நானோ ஆம்பியர் நிமிடக்கணக்கில் தங்கி, எச்.வி.யைக் குறைத்தால் மட்டும் அணைந்தால் அது மால்ட்டர். மெதுவாகத் தேய்ந்து தானே மறைந்தால் பெரும்பாலும் பொருளின் மின்காப்பு கசிவு, அல்லது கேபிள். வித்தியாசம் தெரிய, மூலமே இல்லாமல் அதே வோல்ட் ஏற்றி ஒரு வளைகோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. மட்டும் கதிர் படுவதும் இதற்குப் போதாது; பரப்பு பெரிதானால்தான் படலத்தின் பலவீனமான இடம் அகப்படும்.

#14 பேக்கலைட்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆர்.பி.சி.க்கு (பேக்கலைட் அல்லது கண்ணாடியாலான இரு தடைத்தகடுகளுக்கு நடுவே வாயு உள்ள உணரி) இதே தர்க்கம் பொருந்துமா? கம்பியே இல்லையே.

#15 அளவுகோல்

தர்க்கம் அதே, நோய் வேறு. கம்பிக்குக் கூலோம்/செ.மீ., ஆர்.பி.சி.க்குக் கூலோம்/செ.மீ.². சேர்னின் சி.எம்.எஸ். பரிசோதனையிலுள்ள ஆர்.பி.சி.க்கு, எல்.எச்.சி. மோதுமுடுக்கி கூடிய ஒளிர்வில் ஓடும் காலம் முழுவதற்கும் 3 மடங்கு பாதுகாப்புக் காரணியோடு வைத்த இலக்கு சதுர செ.மீ.க்கு 840 மில்லி கூலோம். சேர்னின் காமா நிலையத்தில் 2016இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஓடியது. அங்கே முடுக்கம் மிதமானது, அதுதான் அதன் மதிப்பு. சீசியம்-137, 662 கி.எ.வோ., 2015இல் திறக்கும்போது 14 டெரா பெக்கரெல். அரை ஆயுள் 30 ஆண்டு என்பதால் 2025இல் 11 ஆகிவிட்டது. பழைய தரவோடு ஒப்பிடுபவர்கள் மறக்கும் விஷயம் இது. ஈய வடிகட்டிகளை மாற்றி மாற்றிச் செறிவைக் குறைக்கலாம், மியூயான் கற்றை வரும் வாரங்களில் திறனையும் அங்கேயே அளக்கலாம்.

பேக்கலைட்டில் பார்க்க வேண்டியவை மூன்று. வாயுப் பெருக்கம் தொடங்காத தாழ் வோல்ட்டில் ஓடும் ஓம் கரண்ட்: அது ஏறினால் உள்பரப்போ இடைக்கட்டைகளோ கெடுகின்றன. அடுத்தது தகட்டின் தடைத்திறன். தூய ஆர்கானை நிரப்பி வோல்ட்டை ஏற்றி, மின்னிறக்கம் தொடங்கிய பின் வரும் நேர்கோட்டின் சரிவிலிருந்து எடுங்கள். உலர்ந்த வாயு ஓடினால் பேக்கலைட் காய்ந்து தடைத்திறன் ஏறும், அதிக வீதத்தில் திறன் விழும். 40 சதவீத ஈரப்பதம் கலப்பது அதனால்தான். மூன்றாவது வெளியேறும் வாயுவில் ஃப்ளூரைடு அயனி. தாங்கல் கரைசலுக்குள் குமிழவிட்டு ஃப்ளூரைடு மின்முனையால் அளக்கலாம்.

கண்ணாடி ஆர்.பி.சி. என்றால் ஈரம் எதிரி. ஜப்பானின் பெல் உணரியில் நெகிழிக் குழாய் வழியாகக் காற்றின் நீராவி உள்ளே ஊடுருவி, உணரியின் ஃப்ளூரின் வாயுவான ஃப்ரியானோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடாகிக் கண்ணாடியை அரித்தது. தாமிரக் குழாய்க்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

#16 பேக்கலைட்

நன்றி. மதுரையில் உள்ள 85 டன் மினி-ஐகால் உணரியிலும் கண்ணாடி ஆர்.பி.சி.தான். அங்கே காஸ்மிக் கதிர் மட்டுமே என்பதால் சார்ஜ் கவலை இல்லை, நீங்கள் சொல்லும் ஈரக் கவலைதான் பொருந்தும்.

வாயுவை மாற்றினால்? ஆர்.பி.சி.யின் முதன்மை வாயுவான ஆர்-134ஏயின் புவி வெப்பமாக்கும் திறன் 1430 (கார்பன் டை ஆக்சைடு 1 என்றால்), ஐரோப்பா ஃப்ளூரின் வாயுக்களைக் குறைக்கச் சட்டம் போட்டுவிட்டது. எச்.எஃப்.ஓ. (ஹைட்ரோஃப்ளூரோ ஓலிஃபின்) கலவைக்குப் போகிறார்கள்.

#17 அளவுகோல்

எச்.எஃப்.ஓ.வில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்று மண்டலத்தில் சீக்கிரம் உடையும், அதனால்தான் வெப்பமாக்கல் திறன் குறைவு. அதே குணம் உணரிக்குள்ளும் உண்டு. அதே சார்ஜுக்கு ஃப்ளூரைடு அதிகம் வரும். ஆகவே பழைய வாயுவில் பெற்ற ஆயுள் சான்று புதியதற்குச் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

#18 கம்பிமுனை

ஸ்ட்ராவுக்குத் திரும்புவோம். ஒருவேளை ஓரத்தில் மூப்பு தெரிந்தால் என்ன வழி? சி.எஃப்.4 கொஞ்சம் சேர்த்தால் படிவைத் தின்றுவிடும் என்கிறார்களே.

#19 ஓரிங்

தின்னும். சிலிக்கான் படிவை ஃப்ளூரின்தான் ஆவியாக்கும், ஆக்சிஜனால் முடியாது. அது மணலாகத்தான் ஆகும். ஆனால் ஃப்ளூரினுக்குப் படிவு எது, உங்கள் உணரி எது என்று தெரியாது. சேர்னின் அட்லஸ் பரிசோதனையில் டி.ஆர்.டி. என்ற தடங்காட்டியின் ஸ்ட்ராக்களுக்கு முதலில் தீர்மானித்த வாயு செனான்/சி.எஃப்.4/கார்பன் டை ஆக்சைடு 70/20/10. கம்பிகளை நடுவில் இணைக்கும் சின்னக் கண்ணாடி மணிகளை அது அரித்தது. பிறகு செனான்/கார்பன் டை ஆக்சைடு/ஆக்சிஜன் 70/27/3 என்று மாற்றினார்கள். கண்ணாடி, அலுமினியம், தங்கத்தில் ஊசித்துளை இருக்கும் டங்ஸ்டன் எதுவும் உள்ளே இருந்தால் சி.எஃப்.4 பக்கம் யோசித்துப் போங்கள்.

கரிமப் படிவுக்கு ஆக்சிஜன் போதும். அமெரிக்காவின் ஃபெர்மிலேபில் சி.டி.எஃப். பரிசோதனையின் மைய உணரியில் பெருக்கம் விழுந்துகொண்டிருந்தது. ஆர்கான்/ஈத்தேன் வாயுவில் ஆக்சிஜனைப் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவு விட்டதும் இழந்தது திரும்பி வந்தது. எல்.எச்.சி.பி. 70/28.5/1.5 என்று ஆக்சிஜன் சேர்த்தது. அதோடு தொகுதிகளைச் சூடாக்கி வாரக்கணக்கில் வாயுவால் கழுவினார்கள். வோல்ட்டை வேலை நிலைக்கு மேலே ஏற்றி, மூலமின்றியே கரண்ட் ஓடவிட்டுக் கம்பியைச் சுத்தம் செய்யும் முறையையும் வைத்திருந்தார்கள்.

#20 மால்ட்டர்பயம்

ஆக்சிஜன் எலக்ட்ரானை விழுங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2.5 மி.மீ. ஓட்டத்துக்கு 1.5 சதவீதம் பரவாயில்லை. பல செ.மீ. ஓடும் அறையில் அது சாத்தியமே இல்லை. மால்ட்டருக்கு வேறு மருந்து: பேபார் பரிசோதனை ஹீலியம்/ஐசோபியூட்டேன் 80/20 கலவையில் 0.35 சதவீதம் நீராவி விட்டது. நீர் படலத்தைச் சற்றே கடத்தியாக்கி அயனி தேங்காமல் பார்த்துக்கொள்ளும். சி.எஃப்.4உம் நீரும் ஒரே வாயுவில் வேண்டாம், காரணம் பெல் கதையில் வந்துவிட்டது.

#21 கம்பிமுனை

திருத்திய திட்டம்: கொலிமேட்டர் இல்லாத ஸ்ட்ரான்ஷியம்-90, நேர் கீழே 20 நானோ ஆம்பியர்/செ.மீ., வாயு மணிக்கு 300 க.செ.மீ., வரிசைத் தடை 1 மெகா ஓம், 1 செ.மீ. படியில் வாரம் ஒரு வருடல், 1000 மணி நேரம். அதே பசையில், அதே உலர்த்தல் முறையில் ஒட்டிய தொகுதி. இதோடு எக்ஸ்ரேயில் 200, பிறகு ஆல்ஃபா. முடிந்ததும் கம்பியை வெட்டி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமும் எக்ஸ்ரே நிறமாலையும். சிலிக்கான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

#22 நானோஆம்ப்

20 நானோ ஆம்பியரில் தடை இனி தொந்தரவு தராது. 10 மெகா ஓமே இருந்தாலும் பரவாயில்லை. வருடலை வாரம் ஒன்றுக்குப் பதில், முதல் 100 மணி நேரத்தில் தினமும் எடுங்கள். ஆரம்பச் சரிவு அங்கேதான் செங்குத்தாக இருக்கும்.

நிறமாலையில் ஒரு பொறி இருக்கிறது. சிலிக்கானின் கே கோடு 1.74 கி.எ.வோ., டங்ஸ்டனின் எம் கோடு 1.77. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒரே மேடு. தங்கம் தேய்ந்து டங்ஸ்டன் எட்டிப்பார்க்கும் இடத்தை "சிலிக்கான் படிவு" என்று எழுதியவர்கள் உண்டு. 8.4 கி.எ.வோ.வில் டங்ஸ்டனின் எல் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். முடுக்க வோல்ட்டை 15 கி.வோ.க்கு மேல் வைத்தால்தான் தெரியும். கதிர் படாத கம்பியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி அதே நாளில் வைத்துப் பாருங்கள். வெட்டும்போது வாயு வந்த திசையைத் துண்டில் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் வரும் பக்கமா போகும் பக்கமா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது.

#23 ஓரிங்

சிலிக்கான் உண்மையிலேயே இருந்தால் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே அடைத்துவிடலாம். சிலிகோன் ஓரிங் எங்கேயாவது இருந்தால் வைட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். ரெகுலேட்டர், வால்வு எல்லாவற்றிலும் கிரீஸ் என்ன என்று கேளுங்கள். சிலிகோன் பசை வெளிப்புறமாகக்கூட வேண்டாம். வாயுக்குழாய் கழுவிய துருப்பிடிக்காத எஃகு அல்லது தாமிரம், பி.வி.சி. கூடாது, நைலான் வகை நீராவியை உள்ளே விடும். கம்பியைத் தொடுபவர் கையில் பவுடர் இல்லாத கையுறை, கையில் கிரீம் கிடையாது.

வெளியேறும் பக்கத்துக் குமிழியில் என்ன எண்ணெய்?

#24 கம்பிமுனை

சிலிகோன் எண்ணெய். ஆனால் அது வெளியேறும் பக்கம்தானே?

#25 ஓரிங்

மணிக்கு 6 லிட்டர் ஓடியபோது வெளியேறும் பக்கம். மணிக்கு 300 க.செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 5. அந்த வேகத்தில் ஆவி எதிர்த்திசையில் ஊர்ந்து வரும். இரவில் அறை குளிர்ந்து வாயு சுருங்கினால் காற்றோடு சேர்த்து உள்ளேயே இழுத்துக்கொள்ளும். சிலிகோனை வடித்துவிட்டு, குமிழியையும் அதன் இணைப்பையும் புதிதாக மாற்றுங்கள். கழுவினால் போகாது. ஆவியழுத்தம் குறைந்த, வெற்றிடப் பம்புக்கான கனிம எண்ணெயை ஊற்றி, குழாய்க்கும் குமிழிக்கும் நடுவே 5 மீட்டர் மெல்லிய எஃகுச் சுருள் போடுங்கள். ஏற்கெனவே 12 நாள் ஓடிய 16 குழாய்களையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

#26 கம்பிமுனை

புதுத் தொகுதி ஒட்டக் கொடுத்தாயிற்று. கம்பி வெட்டுவது பழைய 16இலிருந்தே தொடங்குகிறது, வாயு வந்த பக்கத்து 10 செ.மீ. முதலில்.

#27 நானோஆம்ப்

நல்லது. வெட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை இரும்பு-55ஆல் வருடிவிடுங்கள், அண்ணே. வெட்டிய பிறகு முடியாது.